வயிற்றில் இருக்கும்போதே குழந்தையின் இதயக் குறையைக் கண்டறிவது: சேலம், ஏற்காடு குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

கருவில் இருக்கும் குழந்தைக்கு நுரையீரல் வேலை செய்ய வேண்டியதில்லை. அதற்கு வேண்டிய ஆக்ஸிஜன் நஞ்சுக்கொடி வழியாக அம்மாவின் ரத்தத்திலிருந்து வந்துவிடுகிறது. அதனால் இதயத்தில் பெரிய கோளாறு உள்ள குழந்தைகூட வயிற்றுக்குள் நன்றாகவே வளரும். மூன்று கிலோ எடையில் பிறந்து ஓங்கி அழும். பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

சிக்கல் பிறந்த பிறகுதான். கருவில் எல்லாக் குழந்தைகளுக்கும் இதயத்தின் இரண்டு பெரிய ரத்தக்குழாய்களை இணைக்கும் ஒரு சிறு குழாய் திறந்திருக்கும். டக்டஸ் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். பிறந்து சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் அது தானாக மூடிக்கொள்ளும். சில இதயக் குறைகளில் அந்தக் குழாய் திறந்திருக்கும் வரைதான் குழந்தை தாங்கும். அது மூட மூட, குழந்தை நீலம் பாயும், அல்லது வெளுத்து, பால் குடிக்காமல், உடம்பு சில்லிட்டுப் போகும். அதை மூடவிடாமல் வைத்திருக்கப் புரோஸ்டாகிளாண்டின் என்ற மருந்து உண்டு. பிறந்தவுடன் அதை நரம்பு வழியே சொட்டுச் சொட்டாக ஏற்றினால் அறுவை சிகிச்சை வரைக்கும் நேரம் கிடைக்கும். ஆனால் இப்படி ஒரு குறை இருக்கிறது என்று யாருக்காவது முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் பிறந்து, மூன்றாம் நாள் மலைமேல் ஒரு ஊரில் குழந்தை சோர்ந்துபோனால், காரணம் புரிவதற்கே நேரம் போய்விடும்.

பிறக்கும் 1000 குழந்தைகளில் 8 முதல் 10 பேருக்கு ஏதோ ஓர் இதயக் குறை இருக்கிறது. அவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேருக்கு முதல் வயதுக்குள்ளேயே அறுவை சிகிச்சையோ, குழாய் விட்டுச் செய்யும் சிகிச்சையோ தேவைப்படும். இந்த வழிகாட்டி முக்கியமாக அந்தக் கால்வாசிப் பேருக்காக.

படி 1: யாருக்குக் கூடுதல் கவனம் வேண்டும்

கருத்தரிக்கும் முன்பே அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால், அதிலும் முதல் இரண்டு மாதங்களில் சர்க்கரை கட்டுக்குள் இல்லை என்றால், ஆபத்து கூடும். குழந்தையின் இதயம் உருவாகி முடிவது அந்த இரண்டு மாதங்களுக்குள்தான். ஆறாம் ஏழாம் மாதத்தில் புதிதாக வரும் கர்ப்பகாலச் சர்க்கரை வேறு மாதிரி. அப்போது இதயத்தின் அமைப்பு முடிந்திருக்கும், தசை மட்டும் தடிக்கலாம்.

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ முந்தைய குழந்தைக்கோ பிறவி இதயக் குறை இருந்தால் சொல்லுங்கள். வலிப்பு மருந்து வால்ப்ரோயேட், மனநல மருந்து லித்தியம், முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினோயின், சில ரத்த அழுத்த மாத்திரைகள், இவற்றில் எதை எடுத்திருந்தாலும் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் மாற்றித் தருவார். லூபஸ் போல, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய் உள்ள அம்மாக்களின் குழந்தைகளுக்கு இதயத்துடிப்பு குறைந்துபோக வாய்ப்பு உண்டு. ஐ.வி.எஃப். முறையில் உண்டான கரு, ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் இரட்டையர்கள், கர்ப்பத்தின் தொடக்கத்தில் வந்த ருபெல்லா, இவையும் இந்தப் பட்டியலில் சேரும்.

நம் பக்கத்தில் இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்களுக்கு இந்த ஆபத்து சற்றுக் கூடுதல். டாக்டர் கேட்கும்போது சங்கடப்பட்டு மறைக்க வேண்டாம். சொன்னால், குழந்தையின் இதயத்தை மட்டும் விரிவாகப் பார்க்கும் கரு எக்கோ என்ற ஸ்கேன் எழுதிக்கொடுப்பார், அவ்வளவுதான். ஏற்கெனவே நடந்த கல்யாணத்தைக் குறை சொல்ல அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு முக்கியமான ஒன்று: இதயக் குறையோடு பிறக்கும் பெரும்பாலான குழந்தைகளின் பெற்றோருக்கு இவற்றில் எதுவுமே இருக்காது. ஆகவே ஐந்தாம் மாத ஸ்கேன் எல்லோருக்கும்தான்.

படி 2: வாரக் கணக்கைச் சரிசெய்யுங்கள்

நம் வீடுகளில் மாதக் கணக்குதான். ‘அஞ்சு நடக்குது’ என்று சொல்வது ஒருவருக்கு 17 வாரமாக இருக்கும், இன்னொருவருக்கு 21 வாரமாக இருக்கும். இந்த விஷயத்தில் அந்த நாலு வாரம் பெரிய வித்தியாசம். கடைசியாகத் தலைக்குக் குளித்த முதல் நாள் தேதியிலிருந்து எண்ணுங்கள். அந்தத் தேதியோடு 126 நாட்களைக் கூட்டினால் 18 வாரம், 140 நாட்களைக் கூட்டினால் 20 வாரம். இரண்டு தேதிகளையும் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். மாதவிடாய் தேதி நினைவில்லை என்றாலோ, சுற்று ஒழுங்காக இல்லை என்றாலோ, முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேன் சொல்லும் தேதிதான் கணக்கு.

கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் (அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்) வாங்குவதையும் அப்போதே முடித்துவிடுங்கள். பின்னால் வேறு ஊர் மருத்துவமனைக்குப் போகும்போதும், பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும்.

படி 3: மூன்றாம் மாத ஸ்கேன்

11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை எடுக்கும் என்.டி. ஸ்கேனில் குழந்தையின் பின்கழுத்தில் தோலுக்கடியே இருக்கும் நீரின் தடிமனை அளப்பார்கள். அது 3.5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால், டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் பிரச்சினைகளோடு இதயக் குறைக்கான வாய்ப்பும் கூடும். குரோமோசோம் பரிசோதனை சரியாக வந்துவிட்டது என்று இங்கே நின்றுவிடக் கூடாது. இதயத்தையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

படி 4: 18 முதல் 20 வாரத்துக்குள் அனாமலி ஸ்கேன்

குழந்தையின் உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் ஐந்தாம் மாத ஸ்கேன் இதுதான். நம் ஊரில் டிஃபா ஸ்கேன் என்றும் சொல்கிறார்கள். பொதுவாக 18 முதல் 22 வாரம் வரை எடுக்கலாம் என்பார்கள். சேலம் மாவட்டத்தில், அதுவும் ஏற்காடு, வாழப்பாடி, கொளத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது: 20 வாரத்தைத் தாண்ட விடாதீர்கள். முதல் ஸ்கேனில் சந்தேகம் வந்தால் கரு எக்கோ எடுக்க வேண்டும். அதற்கு நாள் வாங்க வேண்டும். பிறகு தேவைப்பட்டால், குழந்தையைச் சுற்றியுள்ள நீரைக் கொஞ்சம் எடுத்துக் குரோமோசோம்களைப் பார்க்கும் பனிக்குட நீர்ப் பரிசோதனை. அதன் முழு முடிவு வர இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். அதற்கப்புறம் குடும்பம் யோசிக்க நேரம் வேண்டும். 22 வாரத்தில் தொடங்கினால் இதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கும்.

ஸ்கேன் அறையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. முதலில் குழந்தையின் இரைப்பையும் இதயமும் இடப்பக்கம் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். அடுத்து நான்கு அறைகளும் ஒன்றாகத் தெரியும் காட்சி. இதயம் மார்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பிடித்து, அதன் முனை இடப்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். வலது, இடது அறைகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். இடது கீழறை சிறுத்துப்போயிருந்தால், இரண்டு கீழறைகளுக்கு நடுவே சுவர் இல்லை என்றால் இங்கேயே தெரிந்துவிடும்.

இங்கே நிறுத்தினால் போதாது. பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறிப் பிறக்கும் குறை, ஃபாலட் குறை எனப்படும் டெட்ராலஜி ஆஃப் ஃபாலட் (கீழறைச் சுவரில் ஓட்டையும் நுரையீரலுக்குப் போகும் வழியில் குறுகலும் சேர்ந்த குறை), இந்த இரண்டிலும் நான்கு அறைக் காட்சி பல நேரம் இயல்பாகவே தெரியும். அறைகள் சரி, அறையிலிருந்து கிளம்பும் குழாய்தான் தவறு. ஆகவே ஸ்கேன் கருவியை மெல்ல மேலே நகர்த்தி, இடது அறையிலிருந்து கிளம்பும் குழாய், வலது அறையிலிருந்து கிளம்பும் குழாய், இரண்டும் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கிறதா, அதற்கும் மேலே மூன்று ரத்தக்குழாய்கள் அளவு வாரியாக வரிசையில் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: “டாக்டர், நாலு அறையோடு, இதயத்திலிருந்து கிளம்புற ரெண்டு பெரிய குழாயும், மூணு குழாய் வரிசையும் நல்லாத் தெரிஞ்சுதா?” இதைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. கவனமாகப் பார்க்கும் டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டியே விளக்குவார்.

அப்புறம் ரிப்போர்ட்டைப் படியுங்கள், அல்லது படித்துச் சொல்லச் சொல்லுங்கள். குழந்தை முதுகைக் காட்டிப் படுத்திருந்தது, இதயம் முழுதாகத் தெரியவில்லை, மீண்டும் வரவும் என்று ஒரு வரி இருந்தால், அந்த ஸ்கேன் இன்னும் முடியவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மலையிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, எஸ்டேட்டில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எடுத்த ஸ்கேன். திரும்ப வரச் சொன்னால் மனசு வராதுதான். அதனால் அங்கேயே கேளுங்கள்: ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வந்தால் மறுபடி பார்ப்பீர்களா? பல மையங்களில் பார்ப்பார்கள். குழந்தை திரும்பிவிட்டால் வேலை அன்றே முடிந்துவிடும்.

இன்னொரு வரி பல வீடுகளில் தூக்கத்தைக் கெடுக்கிறது: இதயத்தில் வெள்ளைப் புள்ளி. மற்ற எல்லாம் இயல்பாக இருந்து, இந்தப் புள்ளி மட்டும் தனியாகத் தெரிந்தால் அது இதயக் குறை கிடையாது. முந்தைய குரோமோசோம் பரிசோதனையின் முடிவை டாக்டரிடம் காட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி சொல்வதும் குற்றம், கேட்பதும் குற்றம். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஃபார்ம் எஃப் நிரப்பிக் கையெழுத்து வாங்குவது அந்தச் சட்டத்துக்காகத்தான். அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

படி 5: கரு எக்கோ

சந்தேகம் வந்தவர்களுக்கும், படி 1-இல் சொன்ன காரணங்கள் உள்ளவர்களுக்கும் கரு எக்கோ தேவை. குழந்தை இதய மருத்துவரோ கரு மருத்துவ நிபுணரோ செய்வார். இதுவும் அல்ட்ராசவுண்டுதான். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, பட்டினி கிடக்க வேண்டியதில்லை. அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகலாம். 18 முதல் 24 வாரத்துக்குள் எடுப்பது வழக்கம். இதயத்துடிப்பின் வேகம், ஒழுங்கு, வால்வுகள், ரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது எல்லாம் இதில் தெரியும். நிமிடத்துக்கு 110 முதல் 160 துடிப்பு இயல்பு. 200-ஐத் தாண்டும் வேகத்துடிப்புக்கு அம்மாவுக்கு மாத்திரை கொடுத்தே வயிற்றில் உள்ள குழந்தையைக் குணப்படுத்த முடியும்.

சேலம் நகரத்தில் கரு மருத்துவ ஸ்கேன் மையங்கள் இருக்கின்றன. அரசு வழியில் போகிறவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கி, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு பிரிவில் காட்டலாம். முதல் ஸ்கேனின் படங்களையும் ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டு போங்கள்.

ஒரு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். மேலறைச் சுவரில் இருக்கும் ஓட்டையையும், டக்டஸ் மூடாமல் போவதையும் கருவில் சொல்ல முடியாது. கருவில் அவை எல்லோருக்கும் திறந்துதான் இருக்கும். பெருந்தமனி குறுகல், நுரையீரலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் சிரைகள் தவறான இடத்தில் சேர்வது, இவை நல்ல கையிலும் தப்பிவிடக் கூடியவை.

படி 6: குறை இருக்கிறது என்று சொல்லிவிட்டால்

முதலில், டாக்டர் விவரம் சொல்லும் அறையில் கர்ப்பிணியையும் உட்கார வையுங்கள். நம் குடும்பங்களில் ‘அவளிடம் சொன்னால் தாங்க மாட்டாள்’ என்று கணவரையும் மாமனாரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவது நடக்கிறது. அது அவள் உடம்பு, அவள் குழந்தை. மற்றவர்கள் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் பாதி தெரிந்துவிடும். மீதியைக் கற்பனை செய்துகொள்ளும் வேதனை உண்மையைவிடப் பெரிது.

இரண்டாவது, யார் மீதும் பழி போடாதீர்கள். கிரகணத்தன்று வெளியே வந்ததாலோ, பப்பாளி சாப்பிட்டதாலோ, மருமகள் வந்த ராசியாலோ இதயம் இப்படி உருவாவதில்லை. பல குழந்தைகளுக்கு எந்தக் காரணமும் கண்டுபிடிக்க முடிவதில்லை. இதை மாமியார் முன்னிலையில் டாக்டரையே சொல்லச் சொல்லுங்கள். பலன் இருக்கும்.

பிறகு குறையின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள், ஒரு படமும் வரைந்து தரச் சொல்லுங்கள். குறைகள் எல்லாம் ஒன்று போல இல்லை. பெரிய குழாய்கள் இடம் மாறிய குழந்தைக்குப் பிறந்தவுடனே ஆபத்து. ஆனால் முதல் சில வாரங்களுக்குள் ஒரே அறுவையில் குழாய்களைச் சரியான இடத்துக்கு மாற்றிவிட்டால் பெரும்பாலானவர்கள் நன்றாக வளர்கிறார்கள். ஃபாலட் குறையுள்ள பல குழந்தைகள் வீட்டுக்குப் போய் சில மாதம் வளர்ந்த பிறகு அறுவைக்கு வரலாம். இடது பக்க இதயமே வளராமல் போன குழந்தையின் நிலை கடினம். முதல் வாரங்களில் ஒன்று, ஆறு மாதத்துக்குள் ஒன்று, இரண்டு வயதுக்கு மேல் ஒன்று என்று மூன்று அறுவைகள். அதற்குப் பிறகும் அந்த இதயம் ஒற்றை அறையை வைத்துத்தான் வேலை செய்யும். ‘ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும்’ என்ற ஒரே வாக்கியம் இந்த மூவருக்கும் பொருந்தாது.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை: பிறந்த உடனே சிகிச்சை தேவையா, சில மாதம் பொறுக்கலாமா? எத்தனை அறுவை? அதற்குப் பின் பள்ளிக்கூடம், விளையாட்டு, கல்யாணம் எப்படி? உடம்பில் வேறு எங்காவது குறை தெரிகிறதா? பனிக்குட நீர்ப் பரிசோதனை வேண்டுமா? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். மேலறை, கீழறைச் சுவர்கள் நடுவில் சேராமல் போகும் குறையோடு டவுன் சிண்ட்ரோம் அடிக்கடி சேர்ந்து வரும். பெரிய குழாய்களின் சில குறைகளோடு 22ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்டிருக்கலாம்.

படி 7: தொடர்வதா, வேண்டாமா

இந்த முடிவைப் பற்றி நான் ஆலோசனை சொல்லப் போவதில்லை. சட்டத்தை மட்டும் சொல்கிறேன். 2021இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி, 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை, கருவில் கடுமையான குறை இருப்பது போன்ற வரையறுக்கப்பட்ட காரணங்களுக்கு இரண்டு டாக்டர்களின் கருத்து வேண்டும். 24 வாரத்துக்குப் பிறகு, பெரிய குறை இருப்பதாக மாநில அரசு அமைத்த மருத்துவ வாரியம் ஒப்புக்கொண்டால்தான் முடியும். 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டுமே சட்டப்படி தேவை. கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. தொடர்வது என்று அவள் முடிவு செய்தாலும் அதுவும் முழு மரியாதையோடு ஏற்கப்பட வேண்டிய முடிவு.

படி 8: குழந்தை எங்கே பிறக்கப் போகிறது

கர்ப்பத்தைத் தொடரும் குடும்பத்துக்கு இத்தனை பரிசோதனையின் பலனும் இங்கேதான் கிடைக்கிறது. பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு இதய அறுவை செய்யும் குழு எல்லா ஊரிலும் இருக்காது. சென்னை, கோவை, வேலூர், பெங்களூரு, கொச்சி போன்ற ஊர்களில்தான் தேட வேண்டியிருக்கும். சேலத்திலிருந்து கோவை சுமார் 165 கிலோமீட்டர், பெங்களூரு சுமார் 200, சென்னை சுமார் 340. பிறந்த பின் வென்டிலேட்டரில் வைத்து இந்தத் தூரத்தைக் கடப்பதைவிட, அம்மாவின் வயிற்றிலேயே குழந்தையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எவ்வளவோ பாதுகாப்பு.

முதல் பிரசவம் அம்மா வீட்டில் என்பது நம் வழக்கம். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். வளைகாப்பைத் தாராளமாக நடத்துங்கள், அவளுக்கு அந்தச் சந்தோஷம் வேண்டும். ஆனால் தாய்வீடு சேர்வராயன் மலைமேல் ஒரு மலையாளி பழங்குடி கிராமத்திலோ எஸ்டேட் லைன் வீட்டிலோ இருந்தால், 36, 37 வாரத்திலேயே பிரசவ மருத்துவமனைக்குப் பக்கத்தில் வந்து தங்குவதற்கு ஏற்பாடு செய்யுங்கள். கனமழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபடும் நாட்கள் உண்டு. குப்பனூர் வழியாக மாற்றுப் பாதை இருக்கிறதே என்று நம்பி வலி வரும் வரை காத்திருக்க வேண்டாம். துணைக்கு யார் வருவார், மூத்த குழந்தையை யார் பார்த்துக்கொள்வார், பள்ளிக்கூடம் என்ன ஆகும் என்பதெல்லாம் எட்டாம் மாதத்திலேயே பேசி முடிக்க வேண்டியவை.

இதயக் குறை இருப்பதாலேயே சிசேரியன் தேவையில்லை. பெரும்பாலும் சுகப்பிரசவம் ஆகலாம். வேறு காரணம் இல்லாவிட்டால் 39 வாரம் நிறையும் வரை காத்திருப்பது குழந்தைக்கு நல்லது. ‘சீக்கிரம் எடுத்துவிட்டால் சீக்கிரம் ஆபரேஷன் செய்யலாம்’ என்று அவசரப்பட வேண்டாம். எடையும் நுரையீரல் முதிர்ச்சியும் அறுவையைத் தாங்க உதவும். மகப்பேறு டாக்டர், பச்சிளங்குழந்தை டாக்டர், இதய டாக்டர் மூவரும் ஒப்புக்கொண்ட திட்டம் ஒரே தாளில் எழுதப்பட்டு, அது எப்போதும் உங்கள் பையில் இருக்க வேண்டும்.

பணம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், குழந்தை இதய அறுவைகளும் அதில் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பல புதுத் தம்பதிகள் தடுக்கி விழுவது ரேஷன் கார்டில்தான்: மனைவி பெயர் இன்னும் அப்பா வீட்டுக் கார்டில், கணவர் பெயர் அவர் அப்பா கார்டில். குறை தெரிந்த வாரமே பெயர் நீக்கல், சேர்த்தல் வேலையைத் தொடங்கி, வருமானச் சான்றிதழோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போங்கள். பிரசவத்துக்குப் பின் ஒருவர் ஐ.சி.யூ. வாசலிலும் இன்னொருவர் தாலுகா ஆபீஸிலும் நிற்கும் நிலை வரக் கூடாது. தேர்ந்தெடுத்த மருத்துவமனை அந்தத் திட்டத்தில் இருக்கிறதா, பிறந்த குழந்தைக்கு எந்தக் கார்டில் அனுமதி வாங்குவார்கள் என்று அங்கேயே காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டிக் கேளுங்கள். வெளிமாநிலம் என்றால் கட்டாயம் கேட்க வேண்டும்.

படி 9: பிறந்த பிறகு

திட்டமிட்ட இடத்தில் பிறந்தால் குழு பார்த்துக்கொள்ளும். அம்மா சீம்பாலைப் பிழிந்து எடுத்துக் கொடுப்பதைத் தள்ளிப்போடாமல் செவிலியரிடம் கேட்டுத் தொடங்கலாம்.

இந்தப் படி ஸ்கேனில் ஒன்றும் தெரியாதவர்களுக்கும்தான். ஸ்கேன் எல்லாவற்றையும் பிடிக்காது என்று பார்த்தோம் இல்லையா? அதனால் வீட்டுக்குக் கிளம்பும் முன், பிறந்து 24 மணி நேரத்துக்குப் பிறகு, குழந்தையின் வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்ஸிஜன் அளவு பார்க்கச் சொல்லுங்கள். 95 சதவீதமோ அதற்கு மேலோ இருந்து, இரண்டுக்கும் இடையே 3-க்கு மேல் வித்தியாசம் இல்லை என்றால் சரி. 90-க்குக் கீழே என்றால் உடனே எக்கோ எடுக்க வேண்டும். இடைப்பட்ட அளவாக இருந்தால் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். வலி இல்லாத, சில நிமிடச் சோதனை. தொடை இடுக்கில் நாடி தெரிகிறதா என்றும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெருந்தமனி குறுகலைக் கண்டுபிடிக்க அது உதவும்.

வீட்டில் பால் குடிக்கும்போது நெற்றி வேர்த்து மூச்சு வாங்கினால், உதடும் நாக்கும் நீலமாகத் தெரிந்தால், கைகால் சில்லிட்டுக் குழந்தை துவண்டு கிடந்தால், தோஷம் என்று சுற்றிப்போட்டுக் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, பச்சிளங்குழந்தை என்பதையும் எத்தனை நாள் ஆகிறது என்பதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும்போது, முந்தைய குழந்தையின் ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பாருங்கள். முதல் குழந்தைக்குக் குறை இருந்தால் அடுத்ததற்கு வரும் வாய்ப்பு பொதுவாக 100-இல் 2 முதல் 4. கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமில மாத்திரை, சர்க்கரைக் கட்டுப்பாடு, ருபெல்லா தடுப்பூசி போடாதவர்களுக்கு அந்தத் தடுப்பூசி, இவை வேண்டும். தடுப்பூசிக்குப் பின் ஒரு மாதமாவது கருத்தரிப்பைத் தள்ளிவையுங்கள். அந்தக் கர்ப்பத்தில் கரு எக்கோவுக்கான நாளை 18-ஆம் வாரத்துக்கே முன்பதிவு செய்துவிடுங்கள்.